உளிவாயில் ஓடும் நிறம்

மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களுக்குப் போகும் சாலையில் காலை நேரத்தில் நடந்தால் முதலில் காதில் விழுவது கல் சத்தம்தான். தகரக் கூரைகளின் கீழே நந்தியும் பிள்ளையாரும் பாதி உருவில் நிற்க, டக் டக் என்று ஒரே சீராக உளி விழும். இப்போது அதோடு கல் அறுக்கும் மெஷினின் இரைச்சலும் சேர்ந்துவிட்டது. அந்த இரைச்சலுக்குள் கொஞ்சம் பொறுமையாகக் காது கொடுத்தால் வேறொரு சத்தம் பிடிபடும். கல்லில் உளி படும் ஓசை மொட்டையாக இருக்கும். இது கணீரென்று இருக்கும். இரும்பின் மேல் இரும்பு அடிபடும் சத்தம். சிற்பிகளின் உளிக்கு வாய் வைத்துக் கொடுக்கும் கொல்லரின் உலைக்களம் பக்கத்தில் எங்கோ எரிகிறது என்று அர்த்தம்.

சிற்பம் பார்க்க வருகிறவர்கள் அங்கே நிற்பதில்லை. நான் ஒரு நாள் காலை முழுக்க நின்றேன். அந்தக் காலையில் கண்டதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கொல்லுவேலையைப் பொழுதுபோக்காகக் கற்க ஆசைப்படும் இளைஞர்கள், பெண்கள், ஓய்வுபெற்ற பொறியாளர்கள் என்று பலர் என்னிடம் வழி கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் இதுதான் பதில்.

உலை ஒன்றும் பெரிதில்லை. ஓர் இரும்புத் தொட்டி நிறையக் கரி. துருத்தி இருந்த இடத்தில் ஒரு சின்ன புளோயர். பட்டடைக்குப் பதில் மரக்கட்டையில் பதித்த தண்டவாளத் துண்டு. காலடியில் தண்ணீர்த் தொட்டி. சிற்பிகள் கொண்டுவந்து போட்ட மழுங்கிய உளிகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. கொல்லர் ஓர் உளியைக் கரிக்குள் செருகினார். அதன் முனை ஆரஞ்சு நிறத்துக்கு வந்ததும் குறட்டால் இழுத்துப் பட்டடையில் வைத்து, திருப்பித் திருப்பி அடித்தார். மழுங்கிய மூக்கு நீண்டு கூராயிற்று. மறுபடி உலை. இந்த முறை அவ்வளவு சூடேற்றவில்லை. சிவந்ததும் எடுத்து, முனையில் ஒரு விரற்கடை அளவை மட்டும் தண்ணீரில் காட்டினார். உஸ்ஸென்று அடங்கியது. உடனே வெளியே எடுத்து உடைந்த கல்லில் ஒரு தேய் தேய்த்தார். கறுத்த செதில் உதிர்ந்து முனை வெள்ளியாக மின்னியது. பிறகு அடிக்கவில்லை, தேய்க்கவில்லை. வாசல் பக்கம் திரும்பி, வெளிச்சத்தில் உளியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

“பாருங்க தம்பி, மேலேர்ந்து கலர் எறங்கி வரும்.”

வந்தது. முதலில் வைக்கோல் மஞ்சள். அதன் பின்னால் தவிட்டு நிறம், அதற்கும் பின்னால் கத்தரிப்பூ ஊதா, கடைசியில் நீலம். ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நான்கு பட்டைகள் முனையை நோக்கி ஊர்ந்தன. மஞ்சள் உளிவாயைத் தொட்ட கணத்தில் உளி மறுபடி தண்ணீருக்குள் போய்விட்டது. வேலை முடிந்தது. இரண்டு மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

இதற்குத் துவைச்சல் என்று பெயர். தோய்ச்சல் என்றும் சொல்வார்கள். வெப்பமானி இல்லை, கடிகாரம் இல்லை. கண்தான் கருவி.

உளி ஏன் இவ்வளவு சீக்கிரம் மழுங்குகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். கருங்கல்லில் இருக்கும் குவார்ட்சுக்கு மோஸ் கடினத்தன்மை அளவில் 7. நன்றாகத் துவைச்சல் ஏறிய எஃகுக்கு ஆறரைக்குப் பக்கத்தில் வரலாம். அதாவது கல்தான் இரும்பைவிடக் கடினம். சிற்பி கல்லை வெட்டுவதாக நாம் சொல்கிறோம், நடப்பதோ வேறு. ஒவ்வோர் அடியிலும் உளிமுனை கல்லின் ஒரு புள்ளியை நொறுக்குகிறது, நொறுங்கும்போது தானும் கொஞ்சம் தேய்கிறது. முனை மிருதுவாக இருந்தால் மடங்கிப் போகும். மிகக் கடினமாக இருந்தால் கண்ணாடிபோலத் தெறித்துவிடும், சிற்பியின் கண்ணுக்கே ஆபத்து. இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை வேண்டும். மஞ்சள் முனைக்கு வரும்வரை கொல்லர் காத்திருந்தது அந்த நிலைக்காகத்தான்.

இரும்புக்குள் நடப்பது இது. எஃகு என்பது இரும்பும் மிகக் கொஞ்சம் கரியும் கலந்த சரக்கு. உளிக்கு ஏற்ற எஃகில் கரி 100க்கு 1 பங்குகூட இருக்காது, 0.6 முதல் 0.9 விழுக்காடுதான். சாதாரணச் சூட்டில் இரும்பு அணுக்கள் அடுக்கியிருக்கும் முறையில் கரி அணு உட்கார அநேகமாக இடமே கிடையாது. 727 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அணுக்கள் இடம் மாறி வேறு அடுக்காகின்றன. அதில் கரி அணுக்கள் தாராளமாக நுழைய இடைவெளி இருக்கிறது. மெதுவாக ஆறவிட்டால் கரி வெளியே வந்துவிடும், இரும்பு பழையபடி மிருதுவாகும். சட்டென்று தண்ணீரில் அமுக்கினால் வெளியே வர நேரம் இல்லை. கூட்டம் இறங்குவதற்குள் ரயில் பெட்டியின் கதவைச் சாத்தியதுபோல, கரி அணுக்கள் உள்ளேயே மாட்டிக்கொண்டு அடுக்கை இழுத்துப் பிடிக்கின்றன. இந்த இறுக்கம்தான் கடினம். நொறுங்கும் குணமும் இதே இறுக்கத்திலிருந்துதான் வருகிறது. பிறகு 200, 300 டிகிரி அளவுக்கு இலேசாகச் சூடேற்றினால் கொஞ்சம் கரி நகர்ந்து, இறுக்கம் தளர்ந்து, உளி அடியைத் தாங்கும் பதத்துக்கு வருகிறது.

அந்தச் சூட்டை அவர் தனியாக ஏற்றவில்லை என்பதைக் கவனித்தீர்களா? முனையை மட்டும் தண்ணீரில் காட்டியபோது உளியின் உடம்பு சூடாகவே இருந்தது. அந்த மிச்சச் சூடுதான் முனைக்கு இறங்கி வந்தது. இன்று வீடு கட்டுகிற எல்லோரும் வாங்கும் டிஎம்டி கம்பியும் இதே வித்தையில்தான் செய்யப்படுகிறது: உருட்டாலையிலிருந்து சிவக்கச் சிவக்க வரும் கம்பியின் வெளிப்புறத்தைத் தண்ணீர் பீய்ச்சி இறுக்குகிறார்கள், உள்ளே மிச்சமிருக்கும் சூடு வெளியே பரவி அதைப் பதப்படுத்துகிறது. தகரக் கொட்டகையில் நடப்பதும் பெரிய ஆலையில் நடப்பதும் ஒரே இயற்பியல்.

இனி நிறத்துக்கு வருகிறேன். புதிதாகக் கற்கிறவர்கள் குழம்பிப் போகும் இடம் இது. கொல்லர் பார்ப்பது இரண்டு வகை நிறம், இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

முதலாவது உலையில் வரும் நிறம். சூடான எந்தப் பொருளும் ஒளி விடும். இருட்டில் 525 டிகிரிக்குப் பக்கத்தில் மங்கலான சிவப்பு தெரியத் தொடங்கும். 1847இல் விஞ்ஞானி ஜான் டிரேப்பர் இதை அளந்து சொன்னார். 750க்கு மேல் பழச்சிவப்பு, 950 வாக்கில் ஆரஞ்சு, 1,100க்கு மேல் மஞ்சள். அதற்கும் மேலே போய் வெண்மை தட்டினால் மத்தாப்புபோலப் பொறி பறக்கும். அப்போது எஃகு எரிகிறது, அந்தத் துண்டு இனி உதவாது. இந்த நிறத்துக்கு இரும்பு என்ற கணக்கே இல்லை. அதே சூட்டில் செங்கல்லும் ஏறக்குறைய அதே நிறத்தில்தான் ஒளிரும்.

இரண்டாவது, தேய்த்த முனையில் ஓடிய நிறம். அது ஒளிர்வது அல்ல. சூடான எஃகின் மேல் காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய படலம் ஒன்று படிகிறது. படலத்தின் மேல்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று மோதி, சில நிறங்கள் அழிந்து சில மிஞ்சுகின்றன. மழைத் தண்ணீரில் சிந்திய மண்ணெண்ணெய் வானவில் காட்டுவதும் இப்படித்தான். சூடு கூடக் கூடப் படலம் தடிக்கும், நிறம் மாறும். 220, 230 டிகிரியில் வைக்கோல் மஞ்சள்; 255 வாக்கில் தவிட்டு நிறம்; 280இல் ஊதா; 300ஐ ஒட்டி நீலம்.

முதல் நிறம் இரும்பு தானே விடும் வெளிச்சம். அதைச் சரியாகப் பார்க்க இருட்டு வேண்டும். செங்கல்பட்டின் சித்திரை வெயிலில் பழச்சிவப்பு இரும்பு வெறும் கறுப்பாகத் தெரியும். தெரியாமல் இன்னும் காய்ச்சிக் கெடுத்துவிடுவோம். கொல்லன் பட்டறை எங்கும் இருண்டு கிடப்பது ஏழ்மையால் மட்டும் அல்ல. இரண்டாம் நிறமோ நம் பகல் வெளிச்சத்தின் பிரதிபலிப்பு, அதைப் பார்க்க வெளிச்சம் வேண்டும். உலைக்கு முகம் காட்டி உட்கார்ந்திருந்த மனிதர் துவைச்சல் நேரத்தில் மட்டும் வாசலுக்குத் திரும்பியதன் காரணம் அதுதான். அவர் இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அவருடைய கழுத்துத் திருப்பத்தில் ஓர் ஒளியியல் பாடமே இருந்தது.

இந்தக் கடற்கரைக்கு இரும்போடு உள்ள உறவு மிகப் பழையது. செங்கல்பட்டு மாவட்டத்துச் சானூரில் 1950லும் 1952லும் தொல்லியல் துறை தோண்டிய பெருங்கற்காலக் கல்லறைகளில் இரும்புக் கருவிகள் கிடைத்தன. இறந்தவருக்குத் துணையாக இரும்பை வைத்துப் புதைத்திருக்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையின் இரும்புக்குக் கி.மு. நான்காம் ஆயிரமாண்டு வரை போகும் தேதிகளைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2025 ஜனவரியில் வெளியிட்டது. அதைப் பற்றிய ஆய்வுப் பேச்சு இன்னும் தொடர்கிறது. ஏழாம் நூற்றாண்டுக்கு வந்தால், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் குடைந்த கோயிலின் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் அது ஆக்கப்பட்டதாகப் பெருமைப்படுகிறது. கட்டடத்தில் உலோகம் இல்லை, சரி. குடைந்த கையில் இருந்தது என்ன? மாமல்லபுரத்தில் பாதியில் நின்றுபோன குடைவரைகளில் பாறையைக் கட்டம் கட்டமாக வகுத்து, கட்டத்தைச் சுற்றிப் பள்ளம் எடுத்து, நடுவைப் பெயர்த்த தடம் இன்னும் அப்படியே தெரிகிறது. அந்தப் பள்ளங்களை எடுத்த உளிகள் எத்தனை முறை மழுங்கியிருக்கும்! ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் கரியை ஊதி, காய்ச்சி, அடித்து, நிறம் பார்த்து நனைத்திருக்கிறார். பல்லவர் சிற்பிகளைக் கொண்டாடும் நாம் அவர்களுக்கு உளி கொடுத்தவரை ஒரு வரியில்கூட நினைப்பதில்லை என்பது எனக்குத் தீராத குறை.

உலகம் நினைத்திருக்கிறது. நம் உருக்கு, ‘வூட்ஸ்’ என்ற பெயரில் ஐரோப்பா போனபோது அதை 1819இல் ஆராய்ந்து எழுதியவர் மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்துக்குப் பெயர்போன அந்த மேதை ஒரு கொல்லரின் மகன்.

சரி, தொடங்குவது எப்படி?

நகரத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் முதலில் கத்தி அடிக்கத்தான் ஆசை. வேண்டாம். முதலில் ஒரு கொக்கி அடியுங்கள். 8 அல்லது 10 மில்லிமீட்டர் சாதாரண மிருது இரும்புக் கம்பி போதும். முனையைக் கூராக்குவது, வளைப்பது, முறுக்குவது என்று கொல்லுவேலையின் அரிச்சுவடி அந்த ஒரு கொக்கியில் இருக்கிறது. பத்து கொக்கி அடித்தபின் ஆணி. அதற்குப் பிறகுதான் எஃகு. பழைய லாரியின் வில்பட்டை நல்ல சரக்கு; கரி 0.6 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். பட்டடைக்குத் தண்டவாளத் துண்டு போதும் என்றேன். அதைப் பழைய இரும்புக் கடையில் ரசீதோடு வாங்குங்கள், ரயில்வேயிலிருந்து திருடிய இரும்பு வீட்டுக்கு வரக்கூடாது. பட்டடையின் உயரம், நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மடக்கிய விரல் முட்டி தொடும் அளவு. சுத்தியல் ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம். கரிக்கு இந்தப் பக்கம் பஞ்சமே இல்லை. கடலோர மணலில் வளரும் சவுக்கு நல்ல கரியாகும். மரக்கரியில் நிலக்கரிபோலக் கந்தகத் தொல்லை இல்லை. கந்தகம் ஏறினால் சூட்டிலேயே இரும்பு வெடிக்கும்.

பதம் தெரிய வழி ஒன்று உண்டு. பழைய ஸ்பீக்கரில் இருக்கும் காந்தத்தைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். 770 டிகிரியில் இரும்பு காந்தத்தால் ஈர்க்கப்படும் குணத்தை இழக்கிறது. உலையிலிருந்து எடுத்த துண்டு காந்தத்தில் ஒட்டவில்லை என்றால் நனைக்கும் சூடு நெருங்கிவிட்டது. கண் பழகும்வரை இந்தக் காந்தம்தான் வாத்தியார்.

மூன்று எச்சரிக்கைகள் மட்டும். துத்தநாகம் பூசிய இரும்பை, அதாவது ஜிஐ பைப், ஜிஐ கம்பியை உலையில் போடாதீர்கள். 907 டிகிரியில் துத்தநாகம் கொதித்துப் புகையாகும், அதை இழுத்தால் காய்ச்சலில் படுப்பீர்கள். பாலியஸ்டர் சட்டை போட்டுக்கொண்டு பொறிக்கு முன்னால் நிற்காதீர்கள், பருத்திதான் உடை, கண்ணுக்குக் கண்ணாடி. மூடிய அறையில் கரி மூட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

இதெல்லாம் எழுதிக் கொடுக்கலாம். எழுத முடியாதது ஒன்று இருக்கிறது. பழச்சிவப்பு என்று நான் எழுதுவதும் நீங்கள் மனதில் பார்ப்பதும் ஒன்றாக இருக்காது. பக்கத்தில் நின்று ஒருவர் “இப்ப!” என்று சொல்லும்போது உங்கள் கண் எதைப் பார்க்கிறதோ அதுதான் பழச்சிவப்பு. ஆகவே கொல்லுவேலை தனியாகக் கற்கிற வேலை ஆகாது. செய்வதுகூடத் தனியாள் வேலை இல்லை. கொஞ்சம் பெரிய துண்டென்றால் ஒருவர் குறட்டால் பிடித்துச் சிறு சுத்தியலால் இடம் காட்ட, எதிரே நிற்பவர் சம்மட்டியை அங்கே இறக்க வேண்டும். பேச நேரம் கிடையாது. சுத்தியல் தட்டு ஒவ்வொன்றும் ஒரு சொல். வெறும் பட்டடையில் தட்டினால் நிறுத்து என்று பொருள். சென்னைக்கு வெளியே சாலையோரத்தில் கொட்டகை போட்டு அரிவாள் அடித்து விற்கும் வடமாநில நாடோடிக் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். கணவர் பிடிக்க, மனைவி சம்மட்டி போடுவார். பெண்ணுக்கு இந்த வேலை ஆகாது என்பவர்கள் ஐந்து நிமிடம் அங்கே நிற்கட்டும்.

அமெரிக்காவில் காரும் டிராக்டரும் வந்து குதிரை லாடத்தின் காலம் முடிந்ததும் கொல்லர்கள் அருகிப்போனார்கள். 1973இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சிறு கூட்டம் கூடி வட அமெரிக்கக் கலைக்கொல்லர் சங்கத்தைத் தொடங்கியது. பிரிட்டனில் அப்படி ஒன்று 1978இல் பிறந்தது. மருத்துவர், ஆசிரியர், தச்சர் என்று யார் வேண்டுமானாலும் ஓர் உலையைச் சுற்றி நின்று ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தார்கள். அழியப்போகிறது என்று எழுதிவைத்த தொழில் அங்கே பிழைத்தது அதனால்தான். நம்மிடம் நிலைமை தலைகீழ். கற்றுத்தரத் தெரிந்த கைகள் இன்னும் ஊருக்குள் இருக்கின்றன, கற்கிற கூட்டம்தான் இல்லை. கல், மரம், இரும்பு, செம்பு, பொன் என்று ஐந்து தொழிலும் பிறப்போடு கட்டப்பட்டிருந்த ஊர் இது. கல்லுக்கு அந்தக் கட்டு அவிழ ஒரு வழி கிடைத்தது: 1957இல் மாமல்லபுரத்தில் அரசு தொடங்கிய பயிற்சி நிலையம் இன்று கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியாக வளர்ந்திருக்கிறது, எந்தக் குடும்பத்துப் பிள்ளையும் அங்கே உளி பிடிக்கலாம். அந்த உளியை அடிக்கும் கலைக்கு, ஓர் ஆர்வலர் ஞாயிற்றுக்கிழமை போய் நிற்க ஒரு பொது உலை வேண்டாமா?

உலைக்களத்தின் வேலையும் குறைந்துவருகிறது. முனையில் டங்ஸ்டன் கார்பைடு வைத்த உளிகள் கடையில் கிடைக்கின்றன. எளிதில் மழுங்காது, காய்ச்சி அடிக்கவும் வேண்டாம். சிற்பிக்கு அது நல்லதுதான், குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் உளி வராத கொல்லருக்குப் பிழைப்பு எங்கிருந்து வரும்? சனி, ஞாயிறில் கட்டணம் கொடுத்துக் கற்க வருகிற பத்து பேர் இருந்தால் அந்த உலை அணையாது. பொழுதுபோக்குக்காரர்கள் தொழிலாளியின் வயிற்றில் அடிப்பார்கள் என்று சிலர் அஞ்சுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கையால் ஒரு கொக்கி அடித்துப் பார்த்தவர் அதன்பின் கொல்லரிடம் பேரம் பேசமாட்டார்.

இடத்துக்கும் ஆளுக்கும் இந்தக் கடற்கரையில் குறைவில்லை. முட்டுக்காட்டில் 1996 முதல் தட்சிணசித்ரா கைவினைகளைக் காட்சிக்கு வைப்பதோடு மக்களைச் செய்துபார்க்கவும் அழைக்கிறது. தெற்கே கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், அணு உலைக்கான எஃகு பல ஆண்டுச் சூட்டையும் சுமையையும் எப்படித் தாங்குகிறது என்று ஆராயும் உலோகவியலாளர்கள் இருக்கிறார்கள். நடுவில் மாமல்லபுரத்தில் சிற்பிகளும் அவர்களின் கொல்லர்களும். அரை மணி, முக்கால் மணி பயண தூரத்துக்குள் இத்தனை அறிவு. மாதம் ஒரு ஞாயிறு ஒரே உலையைச் சுற்றி இவர்கள் நின்றால், கொல்லர் நிறத்தைக் காட்ட, உலோகவியலாளர் அதே துண்டை நுண்ணோக்கியில் காட்ட, பள்ளிப் பிள்ளைகள் இரண்டையும் பார்க்கலாம். பெரிய செலவு இல்லை. யாராவது ஒருவர் முதல் கூட்டத்துக்கு நாள் குறிக்க வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டில் மழுங்கிக் கிடக்கும் அரிவாள்மணையையோ தோட்டத்துக் களைக்கொத்தையோ எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்ப் பட்டறைக்குப் போங்கள். வெயில் ஏறுமுன் போவது நல்லது. கேட்ட கூலியைக் கொடுங்கள். கொடுத்துவிட்டு, “அண்ணே, நனைக்கும்போது கொஞ்சம் கூப்பிடுங்க, கலர் பாக்கணும்” என்று கேளுங்கள். கூப்பிடுவார்.